வசனத்துக்கு முன்னால் உடம்பு: தாராபுரத்து நாகேஷ் நடிப்பைக் கற்றுக்கொண்ட விதம்

டிவியில் 'திருவிளையாடல்' ஓடும்போது ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். தருமி கோயிலில் தனியாகப் புலம்புகிற காட்சி வந்ததும் சத்தத்தை மியூட்டில் போட்டுவிடுங்கள். வசனம் கிடையாது, குரல் கிடையாது. ஆனாலும் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் போனால் அந்த மனுஷன் மேல் பரிதாபமும் வரும். பசி, ஆசை, பயம், அவமானம் எல்லாம் கழுத்திலும் தோளிலும் காலிலும் எழுதி ஒட்டியிருப்பது போலத் தெரியும்.

இன்று நடிப்புப் பயிற்சி வகுப்புகளில் உடல் விழிப்புணர்வு என்று ஒரு பாடம் இருக்கிறது. நம் உடம்பு இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று கவனிக்கப் பழகி, அந்தக் கவனத்தை வைத்து நடிப்பை மேம்படுத்துவது. அலெக்ஸாண்டர் முறை, ஃபெல்டன்கிரைஸ் முறை என்று பல பெயர்களில் இதைச் சொல்லித் தருகிறார்கள். பீஸ் கட்டிப் படிக்கிறார்கள். நாகேஷ் இதில் எந்த வகுப்புக்கும் போனவர் இல்லை. ஆனால் அந்த வகுப்புகளில் சொல்லித் தருகிற விஷயங்களை அவர் எந்தெந்த வழியில் எட்டிப்பிடித்தார் என்று பார்த்தால், பாடமும் புரியும், அவர் வாழ்க்கையும் புரியும்.

குண்டுராவ் என்ற ஒல்லிப் பையன்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் ரோட்டில் ஊதியூர் மலையைத் தாண்டித் தெற்கே போனால் சுமார் 30 கிலோமீட்டரில் அமராவதி ஆறு வரும். அந்தக் கரையில் இருக்கிற ஊர் தாராபுரம். 1933 செப்டம்பர் 27 அன்று நாகேஷ் பிறந்தது அங்கேதான். வீட்டில் கன்னடம் பேசுகிற மாத்வக் குடும்பம். வீட்டார் வைத்துக் கூப்பிட்ட பெயர் குண்டுராவ். கடைசி வரை உடம்பில் சதை ஒட்டாத ஒரு மனிதருக்கு வாய்த்த பெயர் அது!

அப்போது இந்தப் பக்கமெல்லாம் கோயம்புத்தூர் ஜில்லா. பிறகு ஈரோடு மாவட்டம் ஆனது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது காங்கேயமும் தாராபுரமும் அதற்குள் வந்தன. பனியன் கம்பெனி பஸ்கள் இன்று கிராமம் கிராமமாக வந்து ஆள் ஏற்றிப் போகும் பூமி இது. அன்று மானாவாரிக் காடும் மேய்ச்சல் நிலமும் மாடும்தான் பிழைப்பு. காங்கேயம் காளை வாங்குகிறவர்கள் கொம்பைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். எல்லாம் பார்த்த பிறகும் நடக்கவிட்டுப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். நிற்கும்போது தெரியாத குறை நடையில் தெரிந்துவிடும் என்பது சந்தைக்காரர்களின் கணக்கு. நடிப்புப் பள்ளிகளிலும் முதல் நாள் பாடம் அநேகமாக நடைதான். ஒன்றும் செய்யாதே, சும்மா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நட என்பார்கள். சும்மா நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இளம் வயதில் நாகேஷைப் பெரியம்மை தாக்கியது. பிழைத்துவிட்டார். முகம் முழுக்கத் தழும்பு தங்கிவிட்டது. அழகான முகம் என்றால் மட்டுமே கேமரா கிட்டே வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒல்லி உடம்பு, அம்மைத் தழும்பு முகம். சினிமாவுக்கு வேண்டாத இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருவர் சினிமாவுக்குப் போக நினைத்தார். அவருடைய நடிப்பு ஏன் முகத்தோடு நிற்காமல் விரல் நுனி வரைக்கும் ஓடியது என்பதற்கு இதையே முதல் காரணமாகச் சொல்லலாம். பாதி மனிதராகக் காட்ட அவருக்கு வசதி இல்லை.

வயிற்றுவலிக்காரர் வேஷம்

வீட்டை விட்டுக் கிளம்பி, பல சில்லறை வேலைகள் பார்த்து, கடைசியில் சென்னையில் ரயில்வே கிளார்க் உத்தியோகம் கிடைத்தது. வேலைக்குப் போன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அமெச்சூர் நாடகம். தி.நகரில் கவிஞர் வாலி, நடிகர் ஸ்ரீகாந்த் ஆகியோரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நாட்கள் அவை. மூன்று பேருமே அப்போது யாரென்று யாருக்கும் தெரியாது.

ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலியோடு டாக்டரிடம் வரும் நோயாளி வேஷம். வந்தோம், வலிக்கிறது என்றோம், போனோம் என்று முடிந்துவிடும் அளவுக்குச் சின்னது. அன்றைக்கு மேடைக்கு முன்னால் தலைமை விருந்தினராக எம்.ஜி.ஆர். உட்கார்ந்திருந்தார். நாகேஷ் மேடைக்கு வந்து ஒத்திகையில் செய்யாததையெல்லாம் செய்தார். வலியில் உடம்பு வளைந்தது, சுருண்டது, கால் பின்னியது. கூட்டம் சிரித்துத் தீர்த்தது. நாடகம் முடிந்து பேசிய எம்.ஜி.ஆர். பெரிய வேஷக்காரர்களை விட்டுவிட்டு இந்த ஒல்லி ஆளைப் பாராட்டினார். நாகேஷ் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்த சம்பவம் இது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வலி இருப்பது வயிற்றில். ஆனால் நடிப்பு இருப்பது உடம்பு முழுக்க. ஒரு புள்ளியில் ஏதோ நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் மற்ற உறுப்புகள் அந்தப் புள்ளியைச் சுற்றி எப்படி ஒழுங்காகும் என்று தெரிந்திருக்க வேண்டும். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் நடிப்பு ஆசிரியராக இருந்த மைக்கேல் செக்காவ் இதையே கற்பனை மையம் என்று பாடமாக்கினார். ஒரு கதாபாத்திரத்தின் மையம் மூக்கு நுனியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தால் ஒரு மனிதர் வருவார். நெஞ்சில் இருப்பதாக நினைத்தால் வேறொருவர். தொப்பையில் வைத்தால் மூன்றாவது ஆள். செக்காவின் புத்தகம் 1953இல் வந்தது. ரயில்வே கிளார்க் நாகேஷ் அதைப் படித்திருக்க எந்த முகாந்திரமும் இல்லை. வயிற்றில் மையத்தை வைத்துக்கொண்டு அவர் மேடையேறியது மட்டும் உண்மை.

அலெக்ஸாண்டரின் கண்ணாடி

உடல் விழிப்புணர்வு என்ற பேச்சு நடிப்பு உலகத்துக்குள் வந்த கதையும் ஒரு நடிகரின் கஷ்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஃபிரெடரிக் மத்தையாஸ் அலெக்ஸாண்டர் 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் ஷேக்ஸ்பியர் வரிகளை ஒப்பித்துச் சம்பாதித்தவர். ஒரு கட்டத்தில் மேடையேறினாலே குரல் கம்மிப்போனது. டாக்டர்கள் தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வெடுத்தால் சரியாகும், மேடையேறினால் திரும்ப வந்துவிடும். அப்படியென்றால் மேடையில் தான் செய்கிற ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

கண்ணாடி முன் நின்று ஒப்பித்துப் பார்த்தார். மூன்று விஷயம் கண்ணில் பட்டது. பேச ஆரம்பிக்கும் முன் தலையைப் பின்னால் இழுக்கிறார், குரல்வளையைக் கீழே அழுத்துகிறார், வாயால் காற்றை உறிஞ்சுகிறார். சரி, இனிமேல் தலையை முன்னே வைத்துக்கொள்வோம் என்று பழகினார். முன்னே வைத்துக்கொண்டதாகவே அவருக்குத் தோன்றியது. கண்ணாடியைப் பார்த்தால் தலை பழையபடி பின்னால்தான் இருந்தது! அவருடைய மொத்தக் கண்டுபிடிப்பும் இந்த இடத்தில் இருக்கிறது. பழக்கமாகிப்போன தப்பு நமக்குச் சரியாகத்தான் தோன்றும். நம் உடம்பைப் பற்றி நம் உடம்பே தருகிற தகவலை அப்படியே நம்ப முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட முடிகிறதே, அது எப்படி? தசை, மூட்டு, உட்காது ஆகியவை கை எங்கே, தலை எங்கே என்று மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் இந்த உணர்வுக்கு புரொப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். இந்தச் செய்தி ஒழுங்காக வந்தாலும், வருஷக்கணக்கில் கோணலாக நின்றவருக்குக் கோணல்தான் நேர் என்று பதிவாகியிருக்கும். காங்கேயத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய், ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் குனிந்து தைத்துவிட்டு வருகிற ஒருவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து நிற்பது அவருக்குப் பின்னால் சாய்வது போல இருக்கும்.

அலெக்ஸாண்டர் 1904இல் லண்டன் போனார். நடிகர்கள் அவரிடம் வரிசையாக வந்தார்கள். 1955இல் இறந்தார். லண்டனின் புகழ்பெற்ற நாடகப் பள்ளிகளில் இன்றும் அவர் முறை பாடமாக இருக்கிறது. பின்னால் வந்த மோஷே ஃபெல்டன்கிரைஸ் இயற்பியல் படித்தவர், ஜூடோக்காரர். முழங்கால் அடிபட்டதில் தன் உடம்பைக் கவனிக்க ஆரம்பித்தவர். பாரிஸில் ழாக் லெகாக் 1956இல் ஆரம்பித்த பள்ளியில் முகத்தை உணர்ச்சியில்லாத முகமூடியால் மூடிவிட்டு, உடம்பை மட்டும் வைத்துப் பேசச் சொன்னார்கள். முகம் கைகொடுக்காது என்ற நிலையில் உடம்பு விழித்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். அம்மைத் தழும்பு நாகேஷுக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

பாய்ஸ் கம்பெனிக்குப் போகாதவர்

நம்மூரில் உடம்புப் பயிற்சி இல்லாமல் இல்லை. தெருக்கூத்தில் அடவு பழகாமல் சலங்கை கட்ட முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து வந்த பாய்ஸ் கம்பெனிகளில் சின்ன வயதிலேயே பாட்டு, ஆட்டம், வாள்வீச்சு என்று பெண்டெடுத்துவிடுவார்கள். சிவாஜி கணேசன், எம்.ஆர்.ராதா, எம்.என்.நம்பியார் எல்லாம் அந்தப் பள்ளியில் அடிபட்டு வந்தவர்கள். அவர்களுடைய நிற்பிலேயே ஒரு நாடக மேடையின் அகலம் தெரியும். சந்திரபாபுவிடம் மேற்கத்திய ஆட்டத்தின் சுதி இருந்தது.

நாகேஷுக்கு இவை எதுவும் கிடையாது. ஆபீஸ், மேன்ஷன் ரூம், ஹோட்டல், பிளாட்பாரம் என்று அவர் சுற்றிய இடங்களில் இருந்த மனிதர்கள்தான் அவருக்கு வாத்தியார். அவருக்கு இருந்த கண்ணாடி, எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்தின் சிரிப்பு. கழுத்தை இவ்வளவு திருப்பினால் சிரிக்கிறார்கள், அதற்கு மேல் திருப்பினால் சிரிப்பு நின்றுவிடுகிறது என்ற கணக்கை அமெச்சூர் மேடைகளில் ராத்திரிக்கு ராத்திரி போட்டுப் பார்த்தார். அலெக்ஸாண்டரின் கண்ணாடியை விட இது கொஞ்சம் ஆபத்தான கண்ணாடி. கைதட்டல் கிடைக்கிறதே என்று ஒரே சேட்டையைக் கடைசி வரை செய்துகொண்டிருக்கிற அபாயம் அதில் உண்டு. நாகேஷும் சில படங்களில் அதில் மாட்டிக்கொண்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1959இல் முக்தா சீனிவாசனின் 'தாமரைக்குளம்' படத்தில் அறிமுகம். 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. அதில் ஆஸ்பத்திரி வார்டுபாய். கனத்த சோகக் கதைக்கு நடுவே அவர் வந்தால் தியேட்டர் மூச்சுவிட்டது.

சர்வர், மது, தருமி, வைத்தி

1964ஆம் வருஷம்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட கே.பாலசந்தர், நாகேஷை மனதில் வைத்து எழுதியது 'சர்வர் சுந்தரம்'. நாடகமாக ஓடி, பிறகு ஏவி.எம். தயாரிப்பில் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது. ஹோட்டல் சர்வர் ஒருவர் சினிமா நட்சத்திரம் ஆகிற கதை. தான் நேசிக்கிற பெண் தன்னை நேசிக்கவில்லை, தன் நண்பனைத்தான் நேசிக்கிறாள் என்று அவனுக்குத் தெரிய வருகிறது. பார்க்க நன்றாக இல்லாத ஒருவனின் கதையைத் தழும்பு முகத்தோடு நடிப்பது சாதாரண காரியமல்ல.

டம்ளர்களை அடுக்கிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே அவர் நடந்து வருகிற அழகு இன்றும் பேசப்படுகிறது. நல்ல சர்வர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நடக்க மாட்டார். பார்த்தால் சிந்தும். எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கையும் முதுகும் பார்த்துக்கொள்ளும், கண் வாடிக்கையாளரைத் தேடும். நாகேஷ் பிடித்தது அந்தப் பிரிவினையை. படத்தின் பின்பாதியில் சுந்தரம் பணக்கார நடிகனாகிவிடுவான். உடை மாறும், நடை மாறும், ஆனால் அடியில் அந்த சர்வர் இருந்துகொண்டே இருப்பார். அடிப்படை உடம்பு ஒன்று, அதன் மேல் போர்த்திய உடம்பு இன்னொன்று என்று இரண்டையும் ஒரே நேரத்தில் சுமப்பது நடிகர்களுக்குப் பெரிய சவால்.

அதே வருஷம் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பா, தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லுவான். அந்தக் காட்சியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. சத்தம், நிழல், கதவு, காற்று எல்லாம் நாகேஷ் ஒருவரின் குரலும் கையும்தான். ஆனால் அங்கே பாதி வேலையைச் செய்வது டி.எஸ்.பாலையா. கதை நகர நகர அவர் உடம்பு நாற்காலிக்குள் போய்க்கொண்டே இருக்கும். நாகேஷ் அதைப் பார்த்துப் பார்த்து அடுத்த அடி வைப்பார். எதிரே இருப்பவர் எப்போது மூச்சை இழுக்கிறார், எப்போது விடுகிறார் என்று தெரியாமல் இந்த டைமிங் வராது. உடல் விழிப்புணர்வு என்றால் தன் உடம்பை மட்டும் கவனிப்பது என்று நினைக்கிறவர்கள் இந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கலாம்.

1965இல் ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்'. சிவாஜி கணேசன் சிவபெருமானாக நிமிர்ந்து நிற்கிறார். எதிரே தருமி. சிவாஜியின் உடம்பு எவ்வளவு அசையாமல் இருக்கிறதோ, நாகேஷின் உடம்பு அவ்வளவு அலைகிறது. கழுத்து முன்னால் நீண்டிருக்கும், வயிறு உள்ளே போயிருக்கும், கால் ஒரு இடத்தில் நிற்காது. பரிசுப் பணத்தின் பேச்சு வந்ததும் கழுத்து இன்னும் நீளும். அரசவையில் பாட்டில் குற்றம் என்றதும் அதே கழுத்து தோளுக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தக் காட்சியில் நாகேஷ் தன்னை விஞ்சிவிட்டார் என்று தெரிந்தும், அதை வெட்டாமல் வைக்கச் சொன்னவர் சிவாஜி என்று திரையுலகில் ஒரு செய்தி உண்டு.

மூன்று வருஷம் கழித்து அதே இயக்குநரின் 'தில்லானா மோகனாம்பாள்'. சவடால் வைத்தி தருமியைப் போலவே ஏழைதான், பணத்துக்கு அலைகிறவர்தான். ஆனால் தருமியின் உடம்பு அவரிடம் துளியும் இல்லை. பெரிய மனிதர்கள் முன்னால் வளைகிற இடுப்பு, அவர்கள் திரும்பியதும் நிமிர்கிற முதுகு. தருமிக்குக் கழுத்தில் இருந்த உயிர் வைத்திக்கு இடுப்பில் இருக்கிறது. ஆள் மாறாமல் ஆளை மாற்றுவது என்பது இதுதான். மேக்கப் அதற்கப்புறம்.

பாலசந்தர் அவரை வேறு மாதிரி பயன்படுத்தினார். பாலசந்தரின் முதல் இயக்கமான 'நீர்க்குமிழி'யில் (1965) ஆஸ்பத்திரியில் கலாட்டா செய்துகொண்டே சாவை நோக்கிப் போகிற நோயாளி. 'எதிர்நீச்சல்' (1968) மாடிப்படி மது, குடித்தனக்காரர்கள் எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் ஓடத் தயாராக இருக்கிற உடம்பு. 'அனுபவி ராஜா அனுபவி'யில் (1967) இரட்டை வேடம். இவை எல்லாவற்றிலும் சிரிப்புக்குச் சமமாக அழுகையும் உண்டு.

இதற்கிடையே 1966இல் ஜெயகாந்தன் தானே இயக்கிய 'யாருக்காக அழுதான்' வந்தது. திருட்டுப் பழி சுமத்தப்படுகிற லாட்ஜ் வேலைக்காரர் வேஷம். துள்ளலுக்குப் பேர்போன நடிகரை ஒரு எழுத்தாளர் அடக்கி உட்கார வைத்தார். படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் நாகேஷின் உடம்புக்கு பிரேக் பிடிக்கவும் தெரியும் என்று முதலில் நிரூபித்தது அதுதான். வேகமாக ஆடத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கேமரா ஓடும்போது ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

தேய்மானம்

உச்சத்தில் இருந்த வருஷங்களில் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட படப்பிடிப்புகளுக்கு ஓடினார். காலையில் ஒரு ஸ்டூடியோ, மத்தியானம் வேறொன்று, ராத்திரி இன்னொன்று. காரிலேயே தூக்கம். உடம்பை மூலதனமாகப் போட்டுத் தொழில் செய்கிறவர்களுக்கு உடம்புக்கு ஓய்வு கொடுப்பது நஷ்டம் மாதிரித் தெரியும். பவர் டேபிள் டெய்லருக்கும் அதே கதைதான், சினிமா ஸ்டாருக்கும் அதே கதைதான்.

எழுபதுகளில் வாய்ப்புகள் குறைந்தன. தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புதிய ஆட்கள் வந்தார்கள். பாலசந்தர் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் அவரைக் குடிப்பழக்கம் உள்ள டாக்டராக்கினார். அதில் சுவரில் விழுகிற தன் நிழலோடு கிளாஸை இடித்து சியர்ஸ் சொல்கிற காட்சி, அந்த இடத்தில் அவருக்குத் தானாகத் தோன்றியது என்று சொல்லப்படுகிறது. விளக்கு எங்கே இருக்கிறது, தன் உருவம் எங்கே போய் விழுகிறது என்று நடிக்கும்போதே தெரிந்திருந்தால்தான் இப்படித் தோன்றும். 1985இல் மகன் ஆனந்த்பாபுவை வைத்து 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்ற படத்தை இயக்கினார். ஆனந்த்பாபு ஆட்டத்துக்குப் பெயர் வாங்கியவர். அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இதை இன்று யார், எப்படிப் பழகலாம்?

ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிற பிள்ளைகள் முதல் குறும்படம் எடுக்கிற இளைஞர்கள் வரை, இதை ஆரம்பிக்கக் காசு வேண்டாம். அலெக்ஸாண்டருக்குக் கண்ணாடி இருந்தது, இன்று செல்போன் கேமரா இருக்கிறது. வசனம் பேசி வீடியோ எடுங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அதிலும் முக்கியமாக, வசனத்தின் முதல் வார்த்தைக்கு முந்தின ஒரு விநாடியைப் பாருங்கள். தோள் ஏறுகிறதா, தாடை இறுகுகிறதா, மூச்சு நிற்கிறதா? அநேகமாக எல்லோருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். அதை உடனே திருத்தப் போனால் இன்னொரு இடம் இறுகும். அலெக்ஸாண்டர் சொன்ன வழி, திருத்துவதற்கு முன்னால் நிறுத்துவது. பேசலாம் என்று மனசு சொன்னதும் பேசாமல் ஒரு கணம் இருந்து, கழுத்தை விட்டுக்கொடுத்து, பிறகு பேசுவது.

அடுத்தது ஆட்களைப் பார்ப்பது. பஸ் ஸ்டாண்டில், தேங்காய்க் களத்தில், அரிசி மில்லில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் உடம்பில் முதலில் முன்னால் வருவது எது என்று மட்டும் கவனித்தால் போதும். நெற்றியா, நெஞ்சா, முழங்காலா? வீட்டுக்கு வந்து அதை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். முழு ஆளையும் காப்பி அடித்தால் மிமிக்ரியாகிவிடும்.

சென்னையில் ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்துப் பயிற்சியையும் நவீன நாடகத்தையும் ஒரே களத்துக்குக் கொண்டுவந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் அடவுகள் அங்கே நகரத்துப் பிள்ளைகளின் கால்களுக்குப் போயின. பசுபதி, கலைராணி போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். அவர்கள் திரையில் சும்மா நின்றாலும் ஏன் கவனம் போகிறது என்பதற்குப் பதில் அந்தப் பயிற்சியில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த முறைகள் சர்வரோக நிவாரணி அல்ல. அலெக்ஸாண்டர் முறை நாள்பட்ட முதுகுவலிக்கு உதவுவதாக 579 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நடிப்பு மேம்படுகிறது என்பதை அப்படி அளந்து காட்டுவது கஷ்டம், சான்றுகளும் குறைவு. நடிகர்களும் ஆசிரியர்களும் அனுபவத்தில் சொல்வதுதான் அதிகம். குரல் கம்மல் சில வாரத்துக்கு மேல் நீடித்தால் கண்ணாடி முன் நிற்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போவதே சரி.

அசையாமல் நடித்த வருஷம்

கமல்ஹாசன் நாகேஷைத் திரும்பக் கொண்டுவந்தார். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் வில்லன். சிரிக்க வைத்த அதே உடம்பு அசைவைக் குறைத்துக்கொண்டதும் பயமுறுத்தியது. மறு வருஷம் 'மைக்கேல் மதன காமராஜன்'.

பிறகு 1994. 'மகளிர் மட்டும்' படத்தில் 60 வயது நாகேஷுக்குக் கிடைத்தது பிணத்தின் வேஷம். தங்கள் மேனேஜர் இறந்துவிட்டதாக நினைத்து, மூன்று பெண்கள் தப்பாக வேறொரு பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு வார்த்தை வசனம் இல்லை. கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. தூக்குவார்கள், சாய்ப்பார்கள், உட்கார வைப்பார்கள், விழும்.

இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால், யாரையாவது உங்கள் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் தூக்கும் முன்பே உங்கள் கை தானாகக் கொஞ்சம் உதவிக்குப் போகும். விழுகிற மாதிரி இருந்தால் கழுத்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். அலெக்ஸாண்டர் வகுப்புகளில் ஆசிரியர் மாணவரின் கையையும் தலையையும் தூக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். உதவாமல் இருக்கக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். பிணத்துக்கு உதவி செய்யத் தெரியாது. நாகேஷ் தன் உடம்பின் ஒவ்வொரு அனிச்சையையும் தடுத்து நிறுத்திக்கொண்டே, எந்தப் பக்கம் தலை சாய்ந்தால் சிரிப்பு வரும் என்ற கணக்கையும் விடாமல் போட்டிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முன்னால் டம்ளர் அடுக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், இப்போது மற்றவர்கள் தூக்குகிற பொருளானார்.

அதே வருஷம் வெளியான 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியர் வேஷம். அதற்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது. தமிழக அரசின் கலைமாமணி விருதும் அவருக்கு உண்டு. பத்ம விருது எதுவும் கடைசி வரை வரவில்லை. கமலின் 'தசாவதாரம்' வெளியாகி ஒரு வருஷம் ஆவதற்குள், 2009 ஜனவரி 31 அன்று சென்னையில் காலமானார். வயது 75. 'மகளிர் மட்டும்' பிணத்துக்கு எந்த விருதுப் பட்டியலிலும் இடம் கிடைக்கவில்லை.